தாம்பூலப் பையில் போடுமுன்

மகனே, முதலில் அந்தக் கதிரையில் உட்கார். போனைக் கவிழ்த்து வை. பல்லேகலையில் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக ஒரு கையில் தேத்தண்ணியும் மறு கையில் போனுமாக நின்றுகொண்டு, "சொல்லுங்கம்மா, கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்பாயே, அப்படிக் கேட்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிற உனக்கு நான் கடிதம் எழுத வேண்டியதாய்ப் போயிற்று. வாயால் சொல்ல மூன்று நாள் பார்த்தேன். முதல் நாள் கல்யாணத்துக்குப் பேசிய மேளகாரர் வந்து உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் நாள் உனக்குத் தலையிடி. நேற்று ஒரு இடைஞ்சலும் இல்லை, எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ செய்த காரியத்திலிருந்து தொடங்குகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு நீயும் சிந்துஜாவும் இருக்கப்போகிற அறையை ஒதுக்குகிறேன் என்று போனாய். கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப் பெட்டிகளை இழுத்தாய், அலுமாரிக்குப் பின்னால் இருந்ததையும் இழுத்தாய். எல்லாம் என் இரண்டாவது புத்தகம். தூசியில் இரண்டு தரம் தும்மிவிட்டு எண்ணிப் பார்த்தாய். பிறகு ஏதோ பெரிய கண்டுபிடிப்புச் செய்தவன் போல வெளியே வந்து சொன்னாய்: "அம்மா, கணக்காக் கெடக்கு! தாம்பூலப் பை முந்நூறு, புத்தகமும் முந்நூத்திச் சொச்சம். பைக்கு ஒண்ணு போட்டுட்டா ரூமும் காலியாகும், ஒங்க புத்தகமும் ஊர் ஊராப் போகும்." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ உடனே உன் மாமாவுக்குப் போன் எடுத்து, "அம்மா சந்தோஷத்துல அழுறாங்க மாமா" என்று பெருமையாகச் சொன்னாய். அட மடையா, அது சந்தோஷம் இல்லை.

பயம். அந்தப் புத்தகத்தில் ஏழாவதாக ஒரு கதை இருக்கிறது. அது நம் வீட்டுக் கதை. உனக்குப் பன்னிரண்டு வயதில் நான் உனக்குச் செய்த ஒரு காரியத்தை, பெயரை மட்டும் மாற்றி அதில் எழுதியிருக்கிறேன். நீ அதை வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் இப்படி முந்நூறு பேருக்கு அள்ளிக் கொடுக்கத் துணிந்திருக்க மாட்டாய். வெற்றிலையோடும் தேங்காயோடும் அது போய், மஹய்யாவயில் உன்னைத் தூக்கி வளர்த்த சனத்தில் யாராவது ஒருவர் பிரித்துப் பார்த்து, கல்யாணம் முடிந்த மறுவாரம் கடைச்சந்தியில் வைத்து உன்னிடம் கேட்டால் என்ன ஆகும்? பை கட்ட உன் சித்தி வீட்டார் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். அதற்குள் நீ என் வாயிலிருந்து, அதாவது என் கையிலிருந்து, இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு வந்த சோதனையைப் பார். இத்தனை வருடமாக, ஒருவரும் வாசிக்கிறார்கள் இல்லையே என்று இந்த வீட்டில் புலம்பித் தள்ளியவள் நான். இப்போது, ஐயோ வாசித்துவிடப் போகிறார்களே என்று நடுங்குகிறேன். நம் ஊரில் புத்தகம் விற்பது எப்படி என்று உனக்குத் தெரியும், பார்த்து வளர்ந்தவன். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் புலமைப்பரிசில் பரீட்சை வழிகாட்டிகளுக்குப் பின்னால், கீழ்த்தட்டில் சொருகுவார்கள். ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால், "எந்தப் புத்தகம்?" என்று என்னிடமே கேட்பார்கள். சொந்தக்காரர்கள் இன்னும் மோசம். "எழுதினதே நீதானே, எங்களுக்கும் காசா?" என்று ஒருத்தி கல்யாண வீட்டில் வைத்துக் கேட்டாள். அவள் வீட்டுக்காரர் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். விற்பதே நீங்கள்தானே என்று நான் அவர்களிடம் ஒரு கிலோ போஞ்சி சும்மா கேட்டேனா?

ஆகவே எல்லாமே வெளியீட்டு விழாவில்தான். விளக்கேற்றி, தமிழ்மொழி வாழ்த்துப் பாடி, தலைமையுரை, வாழ்த்துரை, நயவுரை, ஆய்வுரை என்று ஐந்தாறு பேர் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். முதற்பிரதியை ஒரு முதலாளி வாங்குவார். பிறகு சிறப்புப் பிரதிக்கு ஒவ்வொரு பெயராக மேடையிலிருந்து கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர் ஒரு கவரைக் கொடுத்துவிட்டு, புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, அப்படியே பின் கதவால் வடை சாப்பிடப் போய்விடுவார். கூப்பிட மறந்துபோனவர் சாகும்வரை பேசமாட்டார். வாசிப்பு என்பது இந்த வரிசையில் எந்த இடத்திலும் வராது. வெளியீட்டில் எடுபடாத புத்தகம் கட்டிலுக்கு அடியில் போகும். இதுதான் நம் வழக்கம். இந்த வழக்கத்தை நம்பித்தான் நான் அந்தக் கதையை அச்சில் போட்டேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

டீவியையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு தரம் என்னையும் காலை நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள், நினைவிருக்கிறதா? விடிய முன்னே பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போனேன். பேட்டி எடுத்த பிள்ளை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, எழுதுறதால சமையல் வேலை லேட்டாகாதா?" என்று கேட்டது. இரண்டு விளம்பரத்துக்கு நடுவில் ஆறு நிமிடம். திரும்பி வந்தால், பக்கத்து வீட்டு அக்கா "சேலை நல்லா எடுப்பா இருந்துச்சு" என்றாள். நீ அன்றைக்கு ஓவர்டைம் என்று பார்க்கவில்லை. சரி, அது போகட்டும். என்னை அறுப்பது வேறொன்று. இராச்சாப்பாட்டு நேரத்தில் நீ சேனல் மாற்றிக்கொண்டு போவாய். கிரிக்கெட்டில் நிற்பாய், சண்டைப் படத்தில் நிற்பாய். சின்னப் பிள்ளைகள் பாட்டுப் போட்டி வந்தால் உன் பெருவிரல் ஒரு நொடிகூட நிற்காது. பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே மாற்றிவிடுவாய். நான் சோற்றைப் பிசைந்தபடியே இருப்பேன். ஏன் என்று உனக்குத் தெரியாது, "என்னம்மா, ஒறைப்பா?" என்று கேட்பாய்.

கல்யாணத்துக்கும் அதே கதைதான். ஒரு நல்ல பாட்டுக் கச்சேரி வைப்போம் என்றால், "பாட்டுன்னா சத்தந்தானே அம்மா, டீஜே ஒருத்தன் இருக்கான், பேசிட்டேன்" என்கிறாய். சிந்துஜா உன் முகத்தைப் பார்த்தாள். இவருக்குப் பாட்டே பிடிக்காதா அத்தை என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டாள். சின்ன வயதில் இவனைப் பாடாதே என்று அடக்குவதுதான் எங்களுக்கு வேலையாக இருந்தது என்று அவளிடம் நான் சொல்லவில்லை. குளிக்கும்போது பாட்டு, செருப்பு மாட்டும்போது பாட்டு. உன் அப்பா வேலை செய்த கடையில் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு அங்கே போய் நின்று, மூன்று பாட்டைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து எனக்குப் பாடிக் காட்டுவாய். வீடு பூராவும் நீதான் இருப்பாய்.

சொல்லிவிடுகிறேன். உனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு தொலைக்காட்சி நிலையம் சிறுவர் பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுத்தது. முதற்சுற்றுக் கண்டியில். அப்பா லீவு போட்டு உன்னைக் கூட்டிப் போனார். அன்றைக்கு இரண்டு பாட்டுப் பாடினாயாம். நடுவர்கள் மூன்றாவதும் கேட்டார்களாம். "எடுபட்டா கடிதம் வரும்" என்று சொல்லி அனுப்பினார்கள். நீ ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமல், "கடிதம் வந்துச்சாம்மா?" என்று கேட்பாய். அதே மாதத்தில்தான் என் முதல் புத்தகம் வெளியீடு. கந்தோரில் பகல் முழுக்க மற்றவர்களுடைய கடிதங்களைத் தட்டெழுதிவிட்டு, நேரம் திருடித் திருடி எழுதிய கதைகள் அவை. மண்டபம் பேசியாயிற்று, முதலாளி வருகிறேன் என்றுவிட்டார், அழைப்பிதழும் அடித்தாயிற்று. தமிழ்மொழி வாழ்த்து என்ற இடத்தில் செல்வன் என்று போட்டு உன் பெயர்.

கடிதம் வந்தது. நான் லீவில் நின்ற நாள், தபால்காரரிடமிருந்து நானே கையால் வாங்கினேன். நீ எடுபட்டிருந்தாய். ஒளிப்பதிவுக்குக் கொழும்புக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எந்த நாள் என்று நினைக்கிறாய்? என் வெளியீட்டு நாள், காலை ஒன்பது மணி. வாசலில் நின்றபடியே இரண்டு தரம் வாசித்தேன். பிறகு மடித்து என் கைப்பைக்குள் வைத்தேன். நீ வந்து கேட்டாய். "வரல்ல ராசா" என்றேன்.

அழைப்பிதழில் பெயர் அச்சாகிவிட்டது, யாரை வைத்துப் பாடுவிப்பது என்றுதான் அன்றைக்கு என் மனதுக்குச் சமாதானம் சொன்னேன். அது வெறும் சாட்டு. வாழ்த்துப் பாட ஒரு பிள்ளை கிடைக்காத ஊரா இது? உண்மை வேறு. உன்னைக் கூட்டிக்கொண்டு அப்பா போய்விடுவார். முன்வரிசையில் இரண்டு கதிரை காலியாகக் கிடக்கும். மண்டபத்துக்கு வருகிற அத்தனை பேரும் "மகன் டீவிக்குப் போயிட்டானாமே!" என்பதைத்தான் பேசுவார்கள். என் வாழ்க்கையில் எனக்கென்று வந்த அந்த ஒரு நாளையும் நீ எடுத்துக்கொண்டு போய்விடுவாய் என்று எனக்குப் பொறாமை வந்தது. பெற்ற பிள்ளைமேல், பன்னிரண்டு வயதுப் பிள்ளைமேல் பொறாமை. எழுதவே கை கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

விழாவில் நீ பாடினாய். கதிரைகளை இழுத்துக்கொண்டிருந்த சத்தம்கூட நின்றுபோயிற்று. பாடி முடித்ததும் முதற்பிரதி வாங்க வந்த முதலாளி உன்னைக் கிட்டக் கூப்பிட்டு, "தம்பி, இந்தக் கொரலுக்கு நீ டீவிக்கெல்லாம் போகணுமேடா" என்றார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் மாலையோடு நிற்கிறேன். நீ, "போய்ப் பாடினேன் அங்கிள். அவங்க கூப்பிடல்ல" என்றாய். அவர், "பரவாயில்ல, அடுத்த தரம் பாப்போம்" என்று உன் தலையைத் தடவினார். அந்தக் கைப்பை அப்போதும் என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் படத்துக்குச் சிரித்தேன். அந்தப் படம் ஹோல் சுவரில் மாட்டியிருக்கிறது, நீதான் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தாய்.

அடுத்த தரம் நீ போகவில்லை. பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவில் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போனாய், பிறகு அங்கேயும் நிற்கவில்லை. டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். "என் கொரல் சரியில்ல மிஸ்" என்று சொன்னாயாம். வயதுக்குக் குரல் உடைகிறது, வேறொன்றும் இல்லை என்று நான் அவருக்கு விளக்கம் சொல்லிவிட்டு வந்தேன். உன் அப்பாவோ அந்தச் சேனல் வந்தாலே வைவார். "கொழும்புக்காரனுங்க நம்ம பிள்ளைகள எங்கடி எடுப்பானுங்க?" என்று சாகும்வரை அந்த நிலையத்தைத் திட்டினார். ஆஸ்பத்திரி வார்ட்டில் டீவி போட்டிருந்தார்கள், அங்கேயும் திட்டினார். நான் பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அவரிடமும் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் முடியாது.

பிறகு இரண்டாவது புத்தகம் போட்டபோது இதை ஏழாவது கதையாக எழுதினேன். எழுதி முடித்த அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். சொல்லியாயிற்று என்று நினைத்தேன். எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு கோணல் புத்தி உண்டு. வீட்டில் ஒருவரிடம் வாயால் சொல்ல வேண்டியதை அச்சுக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கடமை முடிந்தது என்று கையைக் கழுவிவிடுவோம். உன் மேசையில் ஒரு பிரதியை, அந்தப் பக்கத்தின் மூலையை மடித்துத்தான் வைத்தேன். "வாசிக்கிறேம்மா, டைம் கெடைக்கல்ல" என்றாய். மாதக்கணக்கில் காத்திருந்தேன். கடைசியில் பார்த்தால், ஆடுகிற மேசைக்காலுக்கு அதை முட்டுக் கொடுத்திருக்கிறாய்! உன்னை ஏசுவதா, தப்பித்தேன் என்று மூச்சு விடுவதா என்று எனக்கே தெரியவில்லை. ஏசினேன். அதற்குத்தான் எனக்குத் தைரியம் இருந்தது.

இத்தனை வருடத்தில் அந்தக் கதையை ஒழுங்காக வாசித்தது ஒரே ஒருத்தி, உனக்கு வரப்போகிறவள். சேலை எடுக்க வந்த அன்று ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். ஹுன்னஸ்கிரியவுக்குப் போகிற பஸ்ஸில் இருக்கைகூடக் கிடைக்கவில்லையாம், நின்றுகொண்டே வாசித்தாளாம். திங்கட்கிழமை போன் எடுத்தாள். அவள் அதை வெறும் கதை என்றுதான் நினைத்திருக்கிறாள். "அத்தை, ஏழாவது கதையில அந்தப் பையன நெனச்சா பாவமா இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கவா, கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள். கேள் பிள்ளை என்றேன். "கடிதத்த அந்த அம்மா அரிசிப் பெட்டி மேல வச்சுட்டு மறந்துட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. அது மட்டும் நம்ப முடியல்ல. பிள்ளை தெனமும் வந்து கேக்குது. ஒரு அம்மா எப்படி அத்தை அத மறப்பாங்க?"

அந்தப் புத்தகத்தின் வெளியீட்டில் ஆய்வுரைக்காரர் அரை மணி நேரம் பேசினார். தாயின் மறதி இந்தச் சமூகத்தின் மறதியைக் குறிக்கிறது என்றார், கைதட்டினார்கள். நானும் தலையை ஆட்டினேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் ஒரே கேள்வியில் என்னைப் பிடித்துவிட்டாள். அடுத்த பதிப்பில் பார்ப்போம் பிள்ளை என்று சொல்லிப் போனை வைத்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்தே போகாத புத்தகத்துக்கு அடுத்த பதிப்பாம்.

நீ குடும்பம் நடத்தப் போகிறவன், அதனால் ஒன்று சொல்கிறேன், கேள். அவளுக்கு ஒரு தப்புச் செய்துவிட்டால் அன்றைக்கே, கறி ஆறுவதற்குள், வாயால் சொல்லிவிடு. அழகாகச் சொல்லப் பார்க்காதே. அழகாகச் சொல்லப் பார்க்கும்போதுதான் நமக்கு வசதியான இடத்தில் ஒரு சொல்லை மாற்றிவிடுகிறோம். நான் ஒளித்ததை மறதி என்று மாற்றினேன். அவள் எதையாவது வாசி என்று கொடுத்தால் மேசைக்காலுக்கு வைக்காமல் வாசி. மற்றபடி அந்தப் புத்தகத்தைப் பையில் போடுவதா, பழைய பேப்பர்காரருக்குப் போடுவதா என்பது உன் இஷ்டம். கதை உன்னுடையது. வெள்ளிக்கிழமைக்கு முன் சொல்லிவிடு. நான் குசினியில் அடுப்போடுதான் இருப்பேன். ஏசுவதென்றால் வந்து ஏசு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, அதை என்னால் தாங்க முடியாது.

இதன் பின்னால் இரண்டு தாள் குத்தியிருக்கிறேன். ஒன்று அவர்கள் அனுப்பியது. உன் பெயர், நேரம், ஸ்டூடியோவுக்கு வரவேண்டிய வழி எல்லாம் இருக்கிறது. கீழே யாரோ பேனாவால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள், தம்பியின் குரல் எங்கள் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, கட்டாயம் கூட்டி வாருங்கள் என்று. மற்றது கார்பன் பிரதி. அது கதையில் இல்லை, சிந்துஜாவுக்கும் தெரியாது. விண்ணப்பத்தில் அப்பாவின் கடைப் போன் நம்பர் இருந்தது. பதில் வராவிட்டால் கடைக்கு எடுத்துக் கேட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். அதோடு, வந்த கடிதத்துக்குப் பதில் போடாமலும், போட்ட பதிலுக்குப் பிரதி வைக்காமலும் இருந்து எனக்குப் பழக்கமில்லை. கடிதம் வந்த மறுநாள் கந்தோரில் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் இரண்டே வரி தட்டினேன். மகனுக்குப் பாட்டில் விருப்பமில்லை, அவருடைய இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கவும். கீழே அப்பாவின் பெயர். கையெழுத்து நான் போட்டது. நீ இத்தனை வருடமாக உன் தொண்டையைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாய். கொழும்பில் ஒருவரும் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, மகனே. வேண்டாம் என்று சொன்னவள் நான்.